எட்டரை மீட்டர் அலைக்கு எத்தனை அங்குலப் பெட்டி?

பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியைச் சுண்டினால் அது நொடிக்கு 41 முறை அதிரும். அந்த அதிர்வு காற்றில் கிளப்பும் ஒவ்வோர் அலையின் நீளமும் ஏறக்குறைய எட்டரை மீட்டர், அதாவது 28 அடி. தென்காசி வட்டாரத்தில் அம்மன் கோயில் கொடைக்குத் தெருவில் போடும் மேடைகள் பலவற்றின் அகலம்கூட அவ்வளவு இராது. இத்தனை பெரிய அலையை இடுப்புயரம்கூட இல்லாத ஒரு மரப்பெட்டி கிளப்பியாக வேண்டும். பேஸ் கிட்டார் வாசிப்பவர் கச்சேரிக்கு ஸ்பீக்கர் கேபினெட் வாங்கப் போகும்போது எழும் எல்லாக் குழப்பங்களுக்கும் வேர் இந்த ஒரு கணக்கில்தான் இருக்கிறது.

கச்சேரிக்கு இந்தப் பகுதியில் பஞ்சமில்லை. கொடை விழாக்கள், திருமண வரவேற்புகள், பள்ளி ஆண்டு விழாக்கள் என்று மெல்லிசைக் குழுக்களுக்கு ஆண்டு முழுதும் வேலை உண்டு. தென்மேற்குப் பருவம் தொடங்கி அருவிகளில் தண்ணீர் விழுந்தால் குற்றாலத்தில் சீசன். அதையொட்டிக் கலைவாணர் அரங்கில் அரசு நடத்தும் சாரல் திருவிழா. எந்த மேடையானாலும் எண்பதுகளின் பாட்டு இல்லாமல் கச்சேரி முடியாது. எண்பதுகளின் பாட்டு என்றால் பேஸ் கிட்டாருக்கு ஓய்வும் கிடையாது.

‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் ‘இளைய நிலா’வில் எல்லோர் நினைவிலும் நிற்பது கிட்டார். அதன் அடியில் பேஸ் தனி வழியில் நடந்துகொண்டே இருக்கும். பாட்டுக்குக் கீழே இன்னொரு மெட்டுப் போல பேஸை எழுதுவது இளையராஜாவின் வழக்கம்; அவர் குழுவில் அவற்றைப் பல ஆண்டுகள் வாசித்தவர் சசிதரன். ஏ.ஆர்.ரஹ்மானின் பல பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்தார். ‘கோ’ (2011) படத்தில் ‘என்னமோ ஏதோ’ பாடிய ஆலாப் ராஜுவும் பேஸ் கிட்டார் கலைஞர்தான். ஒலிப்பதிவுக் கூடத்தில் இவர்களின் கிட்டாரை நேராக மிக்சரில் செருகிப் பதிவு செய்துவிட முடியும். மேடையில் அப்படி விட முடியாது. வாசிப்பவரின் காதுக்கும், பக்கத்தில் டிரம்ஸ் வாசிப்பவரின் காதுக்கும் அந்த ஒலி உடனே வந்து சேர வேண்டும். இல்லையேல் தாளம் தள்ளாடும்.

யாருக்காக இந்தப் பெட்டி?

மேடைக்கு இருபுறமும் சவுண்டு சர்வீஸ்காரர்கள் அடுக்கி வைக்கும் பெரிய பேஸ் பாக்ஸ்கள் வேறு. அவற்றின் வேலை கூட்டத்துக்குக் கேட்கவைப்பது. பேஸ் கிட்டார்க்காரர் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளும் கேபினெட்டின் முதல் வேலை மேடையில் இருப்பவர்களுக்குக் கேட்பது. கிட்டாரிலிருந்து வரும் சிக்னல் டிஐ பாக்ஸ் என்ற சிறு கருவி வழியாகப் பிரிந்து, ஒரு கிளை மிக்சருக்கும் ஒரு கிளை ஆம்ப்ளிஃபையருக்கும் போகும். இன்றைய ஆம்ப்கள் பலவற்றில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது.

ஆகவே கடைக்குப் போகுமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வழக்கமாகப் போகும் மேடைகளில் பேஸுக்கு மிக்சரில் இடம் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் மேடையை மட்டும் நிரப்பும் சின்னப் பெட்டி போதும். திருமண மண்டபத்தில் பாடகர் மைக்குக்கு மட்டும் இரண்டு ஸ்பீக்கர் வைக்கும் இடங்களுக்கே பெரும்பாலும் போவதாக இருந்தால், அந்தப் பெட்டிதான் மண்டபம் முழுவதையும் சுமக்க வேண்டும். அங்கே கணக்கு மாறுகிறது.

அங்குலம் சொல்லாத சேதி

‘பதினைந்து அங்குலம் என்றால் அடி பலமாக இருக்கும், பத்து அங்குலம் என்றால் சுறுசுறுப்பாக இருக்கும்’ என்பது வாசிப்பவர்களிடையே உள்ள பழைய நம்பிக்கை. பாதிதான் சரி. ஸ்பீக்கர் கூம்பின் விட்டம் மட்டும் ஒலியைத் தீர்மானிப்பதில்லை. கூம்பு எவ்வளவு தூரம் முன்னும் பின்னும் போய்வர முடியும், பெட்டியின் கொள்ளளவு என்ன, அதற்குத் துளை உண்டா என்பவை அதைவிட முக்கியம்.

இதற்கு நல்ல சாட்சி உலகின் மிகப் புகழ்பெற்ற பேஸ் பெட்டியே. லியோ ஃபெண்டர் 1951-ல் பிரிசிஷன் பேஸ் கிட்டாரைக் கொண்டுவந்தார். மறு ஆண்டே அதற்கென்று ஃபெண்டர் நிறுவனம் விற்ற பேஸ்மேன் ஆம்பில் ஒரே ஒரு 15 அங்குல ஸ்பீக்கர். கச்சேரிகள் விளையாட்டு அரங்குகளுக்கு இடம் மாறியபோது அது போதவில்லை. 1969-ல் ஆம்பெக் நிறுவனம் எஸ்.வி.டி. என்ற 300 வாட் வால்வு ஆம்பைக் கொண்டுவந்தது. அதனோடு வந்தது, எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் அடங்கிய மூடிய பெட்டி. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அதே ஆண்டு அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு எடுத்துச் சென்ற ஆம்ப் அதுதான். அந்தப் பெரிய பெட்டியை மேலைநாட்டு இசைக்கலைஞர்கள் இன்றும் ஃபிரிட்ஜ் என்றே அழைக்கிறார்கள். இப்போது விற்கும் வடிவத்தின் எடை ஏறத்தாழ 63 கிலோ.

இவ்வளவு பெரிய பெட்டி 41 ஹெர்ட்ஸை முழுசாகக் கொடுக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்த நிறுவனம் தரும் விவரத்தின்படியே, 58 ஹெர்ட்ஸிலேயே ஒலி 3 டெசிபல் இறங்கிவிடுகிறது. 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபல் இறக்கம். ஆனாலும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அதன் ஒலியை யாரும் மெலிது என்று சொன்னதில்லை. காரணம் காதில் இருக்கிறது. ஒரு கம்பி 41 முறை அதிரும்போதே 82, 123, 164 என்று அதன் மடங்குகளிலும் சேர்ந்து அதிர்கிறது. மடங்குகள் தெளிவாகக் கேட்டால், அடிச்சுரம் மெலிந்திருந்தாலும் மூளை அதை ஊகித்து நிரப்பிக்கொள்ளும். கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில்கூட பேஸின் மெட்டைப் பின்தொடர முடிவது இதனால்தான்.

ஆகவே நான்கு கம்பி கிட்டாருக்கு 40 ஹெர்ட்ஸ் வரை எட்டும் பெட்டி வேண்டும் என்று தேடி அலைய வேண்டியதில்லை. 60 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை திடமாக, கலங்காமல் ஒலிக்கிறதா என்று பார்த்தால் போதும். 31 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் ஐந்தாவது கம்பி இருந்தால் மட்டும் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவை.

துளையும் வில்லுப்பாட்டுக் குடமும்

கேபினெட்டுகளில் மூடியவை, துளையுள்ளவை என்று இரண்டு வகை. துளை எதற்கு என்று புரிய இந்த மாவட்டத்துக்காரர் வெகுதூரம் போக வேண்டாம். கொடை விழாவின் வில்லுப்பாட்டு மேடையே போதும். வில்லோடு சேர்த்து வைத்திருக்கும் குடத்தின் வாயில் மட்டையால் அடித்தால் ‘தும்’ என்று ஆழமான ஒலி எழும். வாயருகே இருக்கும் காற்று ஒரு பிஸ்டன் போலவும், உள்ளே அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங் போலவும் வேலை செய்வதால் அந்த ஒலி பிறக்கிறது. ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வகை அதிர்வை விரிவாக ஆராய்ந்தார். இன்றும் அது அவர் பெயரால்தான் வழங்குகிறது. துளையுள்ள ஸ்பீக்கர் பெட்டியும் அதே இயற்பியல்தான். பெட்டியின் கொள்ளளவுக்கும் துளையின் அகலம், நீளத்துக்கும் ஏற்ப ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் துளைக்காற்று சேர்ந்து ஒலித்து, கூம்புக்குக் கைகொடுக்கும்.

அதற்கொரு விலையும் உண்டு. துளையின் அதிர்வெண்ணுக்குக் கீழே போனால் கூம்பைத் தாங்கிப் பிடிக்க உள்ளே காற்றழுத்தம் இருக்காது. அது கட்டுப்பாடின்றி முன்னும் பின்னும் பாய்ந்து, சில வேளை கிழிந்தும் போகும். அதனால் துளைப்பெட்டி வைத்திருப்பவர்கள் ஹை பாஸ் ஃபில்டரை 30, 35 ஹெர்ட்ஸ் அளவில் போட்டு, அதற்குக் கீழுள்ளதை வெட்டிவிடுவது நல்லது. மூடிய பெட்டியில் இந்த அபாயம் குறைவு. ஒலி இறுக்கமாக இருக்கும். ஆனால் அதே அடி ஒலி வேண்டுமானால் பெட்டி பெரிதாகும், அல்லது ஆம்ப் கூடுதலாக உழைக்கும்.

சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் அதிக ஒலி ஆகிய மூன்றில் ஏதேனும் இரண்டைத்தான் பெற முடியும் என்பது ஹாஃப்மன் விதி. விளம்பரம் மூன்றையும் தருவதாகச் சொன்னால் எதிலோ விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தென்காசி, செங்கோட்டை பக்கம் மரக்கடைக்கும் தச்சருக்கும் குறைவில்லாததால், பிளைவுட் வாங்கிப் பெட்டியை இங்கேயே அடித்துக்கொள்ளும் யோசனை இயல்பாக வரும். செய்யலாம், ஆனால் கண்ணளவில் செய்யக்கூடாது. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-லும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் எழுபதுகளிலும் வகுத்த அளவீடுகளை நல்ல ஸ்பீக்கர் நிறுவனங்கள் எல்லாம் தங்கள் தாளில் அச்சிடுகின்றன. அந்த எண்களைக் கொண்டு பெட்டியின் லிட்டர் அளவையும் துளையின் நீளத்தையும் கணக்கிட இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. இந்தக் கணக்கைப் போடாமல் அடித்த பெட்டியில் ஒரே ஒரு சுரம் மட்டும் ‘பொம்’ என்று வீங்கி, மற்றவை காணாமல் போகும்.

வாட்டும் ஓமும்

தொண்ணூறுகளில் டேப் ரிக்கார்டர் வாங்கிய வீடுகளுக்கு பி.எம்.பி.ஓ. என்ற எழுத்துகள் நினைவிருக்கும். உள்ளங்கை அகல ஸ்பீக்கருக்கு ஆயிரக்கணக்கில் வாட் எழுதியிருப்பார்கள். கேபினெட் வாங்கும்போதும் ‘பீக்’ என்று எழுதிய எண்ணை விட்டுவிட்டு, ஆர்.எம்.எஸ். அல்லது தொடர் திறன் என்று எழுதியதையே பார்க்க வேண்டும். அந்த எண்கூடப் பெட்டி எவ்வளவு சத்தம் தரும் என்பதைச் சொல்லாது. எவ்வளவு மின்திறனைக் கருகாமல் தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது.

சத்தத்தைச் சொல்வது சென்சிட்டிவிட்டி. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் என்பதே அது. 94 டெசிபல் பெட்டி ஒன்று, 100 டெசிபல் பெட்டி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது பெட்டி 100 வாட்டில் தரும் ஒலியை முதல் பெட்டியில் பெற 400 வாட் வேண்டும். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல்; காதுக்கு ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். 300 வாட் ஆம்பைக் கொடுத்துவிட்டு 500 வாட் வாங்கியவர் மேடையில் பெரிய மாற்றத்தைக் காணாமல் திகைப்பது இதனால்தான். அந்தப் பணத்தில் இன்னொரு பெட்டி வாங்கியிருந்தால் வேறுபாடு அப்போதே தெரிந்திருக்கும்.

இன்னொரு பெட்டி சேர்க்கும்போது ஓம் கணக்கு வரும். பெரும்பாலான ஆம்ப்களின் முதுகில் ‘குறைந்தது 4 ஓம்’ என்று அச்சிட்டிருப்பார்கள். 8 ஓம் பெட்டி இரண்டை இணையாகச் சேர்த்தால் 4 ஓம், சரியாகப் பொருந்தும். 4 ஓம் பெட்டி இரண்டைச் சேர்த்தால் 2 ஓம். ஆம்ப் சூடேறி அணையும், பாதுகாப்பு இல்லாத பழைய ஆம்ப் புகையும். எனவே நாளை இரண்டாவது பெட்டி வாங்கும் எண்ணம் இருந்தால் முதல் பெட்டியை 8 ஓமில் வாங்குவதே உத்தமம். ஆம்பிலிருந்து பெட்டிக்குப் போகும் வயரும் தடிமனான ஸ்பீக்கர் வயராக இருக்க வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் கிட்டார் வயர் அந்த மின்னோட்டத்துக்கானது அன்று.

மேடையில் வைக்கும் இடம்

இரும்புச் சட்டத்தின் மேல் பலகை பரப்பிய மேடைக்கு அடியில் வெற்றிடம். அதன் மேல் பெட்டியை நேராக வைத்தால் பலகை முழுதும் சேர்ந்து அதிரும். தபலா மைக்கும் பாடகர் மைக்கும் அதை வாங்கி மறுபடி ஸ்பீக்கருக்கு அனுப்பும். கச்சேரி முழுக்க ஒரு மந்தமான முழக்கம் கேட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, தடித்த ஃபோம், காலிப் பெட்டி எதன் மேலாவது தூக்கி வைத்தால் பாதித் தொல்லை தீரும். உயரம் கூடுவதால் தெளிவும் கூடும். மேல் சுரங்கள் கூம்பு பார்க்கும் திசையிலேயே நேராகப் பாய்கின்றன. பெட்டி தரையில் இருந்தால் அவை வாசிப்பவரின் முழங்காலைத் தாண்டி முன்வரிசைக்குப் போய்விடும். அவருக்குக் கேட்காது, கேட்கவில்லை என்று அவர் சத்தத்தைக் கூட்டுவார், முன்வரிசை காதைப் பொத்திக்கொள்ளும்.

இரண்டு பெட்டி இருந்தால் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். பக்கம் பக்கமாக வைத்தால் இரண்டின் ஒலியும் பக்கவாட்டில் மோதி, நிற்கும் இடத்துக்கு இடம் சில சுரங்கள் கூடியும் குறைந்தும் கேட்கும். அடுக்கினால் மேடையின் இரு கோடியில் இருப்பவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே ஒலி போகும்.

குற்றாலத்தில் இன்னொரு பிரச்சினை சாரல். ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் காற்று மழையைத் தூளாக்கித் தூவும். குடை பிடிக்கும் அளவுக்கு இராது, ஆனால் பொருள் எல்லாம் ஈரமாகும். காகிதக் கூம்பு ஈரத்தைக் குடித்தால் கனத்துத் தளரும். மரத்தூள் அட்டையில் செய்த மலிவுப் பெட்டி ஓரங்களில் உப்பிப் பிரியும். இந்தப் பகுதியில் சீசனுக்கு வாசிப்பவர்கள் பிளைவுட் பெட்டியையே தேர்வது நல்லது. கச்சேரி முடிந்ததும் ஈரத்தோடு உறை போட்டு மூடாமல் காற்றாட வைக்கவும் வேண்டும்.

ஈரத்தில் பெட்டியைவிட ஆளுக்குத்தான் ஆபத்து அதிகம். கை கிட்டார்க் கம்பியிலும் உதடு மைக்கிலும் இருக்க, இரண்டின் எர்த்தும் வேறாக இருந்தாலோ எர்த்தே இல்லாமல் இருந்தாலோ மின்சாரம் உடம்பின் வழியே போகும். ஆம்ப் பிளக்கின் மூன்றாவது பின்னை உடைத்துவிட்டுச் செருகுவது, ‘உம்’ என்ற இரைச்சல் போக எர்த்தைக் கழற்றிவிடுவது ஆகிய இரண்டு பழக்கங்களும் உயிரோடு விளையாடுபவை. ஜெனரேட்டரில் ஓடும் மேடையானால் எர்த்தும், கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இருக்கிறதா என்று கேட்டபிறகே செருக வேண்டும்.

மீட்டர் பார்க்காத பேஸ்

கூம்பு ஒலிபெருக்கிக்குத் தடை, பெட்டி ஒலிபெருக்கிக்கு மட்டும் அனுமதி என்ற காவல்துறை அறிவிப்பு ஒவ்வொரு திருவிழாவுக்கும் வரும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு தரலாம். ஒலிபெருக்கி வைத்திருக்கும் பொது இடத்தின் எல்லையில், சுற்றுப்புற ஒலித்தரத்தைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது.

இந்த டெசிபலை அளக்கும் மீட்டர் மனிதக் காதைப் பின்பற்றி, ‘ஏ’ எடையிட்டு அளக்கிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியை அது ஏறக்குறைய 35 டெசிபல் குறைத்தே கணக்கில் எடுக்கும். அதனால் மீட்டரில் கச்சேரி விதிக்குள் இருந்தாலும், அடுத்த தெருவில் ஜன்னல் கண்ணாடி நடுங்கலாம். மேல் சுரங்களைத் தடுப்பதுபோல் சுவர் பேஸைத் தடுப்பதில்லை. மேடைப் பெட்டியை அளவாக வைத்து, கூட்டத்துக்குப் போகும் பேஸை மிக்சரில் இருப்பவர் கையில் விட்டால் குறைக்கச் சொல்லும்போது உடனே குறைக்க முடியும்.

கடைக்குப் போகும்போது

பேருந்திலும் குட்டி யானையிலும் போய் வாசிப்பவருக்கு இவ்வளவும் சேர்த்துப் பார்த்தால் பொருந்துவது, 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று உள்ள 8 ஓம் பெட்டி. நியோடிமியம் காந்தம் வைத்த ஸ்பீக்கர் என்றால் ஒரே ஆள் ஒரு கையில் தூக்கிவிடலாம். விலைதான் கொஞ்சம் கூடும். மிக்சர் உள்ள மேடைக்கு ஒன்று போதும். மண்டபத்துக்கும் திறந்த வெளிக்கும் அதே மாதிரி இன்னொன்றை அடுக்கலாம். ஒன்று பழுதானாலும் மற்றொன்றை வைத்துக் கச்சேரியை முடித்துவிடலாம். தன் கிட்டாரையே கடைக்கு எடுத்துப்போய், கச்சேரியில் வைக்கும் சத்தத்தில் நான்கு கம்பியிலும் அடி முதல் நுனி வரை ஒவ்வொரு சுரமாக வாசித்து, எது வீங்குகிறது, எது மறைகிறது என்று கேட்க வேண்டும். தனியாக வாசிக்கும்போது இனிமையாக இருக்கும் மொத்தமான ஒலி டிரம்ஸ் சேர்ந்ததும் காணாமல் போகும். நடுச்சுரம் தெளிவாக இருக்கும் பெட்டியே கூட்டத்தில் தாக்குப்பிடிக்கும்.

பழைய பெட்டி வாங்குபவர்கள் இரண்டு சோதனைகளைச் செய்துவிடலாம். கூம்பின் நடுவில் இரு கை விரல்களையும் பரப்பி மெல்ல உள்ளே அழுத்தி விட்டால் சத்தமில்லாமல் போய்வர வேண்டும்; உரசல் கேட்டால் உள்ளே காயில் கோணிவிட்டது. அடுத்து மல்டிமீட்டர். 8 ஓம் ஸ்பீக்கர் நல்ல நிலையில் இருந்தால் ஆறு ஓம் அளவில் காட்டும். முள் நகரவே இல்லை என்றால் காயில் அறுந்திருக்கிறது. பேரத்தில் மரப்பெட்டிக்கு மட்டும் விலை பேசினால் போதும்.